மரியாவுக்குப் பின் புவேர்ட்டோ ரிக்கோ: நீலத் தார்ப்பாய்க்கு ஐந்தில் எத்தனை?

2017 செப்டம்பர் 20, காலை ஆறேகால் மணி. மணிக்கு 250 கி.மீ. காற்றோடு மரியா சூறாவளி, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தென்கிழக்கு மூலையில், யபுகோவா ஊரருகே கரையேறியது. தீவு முழுக்க மின்சாரம் போனது. கைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95 ஊமையாயின. அதற்குப் பிறகு மக்களுக்குக் கிடைத்த பொருட்களையும் சேவைகளையும் கடைச்சரக்கை எடைபோடுவதுபோல் எடைபோட்டுப் பார்ப்பதுதான் இந்த மதிப்புரை. அளவுகோல் இரண்டே: மலைமேல் கடைசி வீட்டுக்கு அது எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது? பழுதானால் அங்கேயே யாராவது சரிசெய்ய முடிந்ததா?

எச்சரிக்கையில் பெரிய குறை இல்லை. மியாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையம் பாதையைச் சரியாகவே சொன்னது. சிக்கல் வேகத்தில்தான். செப்டம்பர் 17 அன்றுதான் மரியா சூறாவளி என்ற தகுதிக்கு வந்தது. மறுநாள் மாலைக்குள் ஐந்தாம் வகை, அதாவது உச்ச வகை. கடல் சூடேறச் சூடேற இப்படித் திடீரென வீங்கும் புயல்களுக்கான வாய்ப்பு கூடும் என்று வானிலை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். மழைக் கணக்கும் அதையே காட்டுகிறது. 1956-லிருந்து தீவைத் தொட்ட புயல்களிலேயே அதிக மழை கொட்டியது மரியாதான். ஐம்பதுகளோடு ஒப்பிட்டால் இந்த அளவு மழைக்கான வாய்ப்பு இப்போது ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தீவின் கயே ஊரில் நின்ற வானிலை ரேடாரையே காற்று பிடுங்கி எறிந்துவிட்டது. எச்சரிக்கும் கருவியை எச்சரிக்கப்பட்ட காற்றே கொண்டுபோனதற்கு அரை மதிப்பெண் குறைத்து, நாலரை கொடுக்கலாம்.

இனி நீலத் தார்ப்பாய். இதில் இரண்டு சரக்கு உண்டு, பலர் குழப்பிக்கொண்டார்கள். ஒன்று, நகராட்சி வாசலில் வரிசையில் நின்று வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் தார்ப்பாய். மற்றொன்று, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ஒப்பந்தக்காரர்களை வைத்து இலவசமாகப் போட்டுத்தரும் 'நீலக் கூரை'. இரண்டாவதற்கு நிபந்தனைகள் உண்டு. அது நிரந்தரமாக வசிக்கும் வீடாக இருக்க வேண்டும். கட்டமைப்புச் சேதம் பாதிக்கு மேல் போகக்கூடாது. வேலையாட்கள் உள்ளே வர அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கடைசியில் ஏறக்குறைய 60,000 வீடுகளுக்கு இப்படிக் கூரை போட்டார்கள். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் முதல் வாரங்களில் பாயும் இல்லை, ஆளும் இல்லை. இதற்கிடையே, 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள தார்ப்பாய் ஒப்பந்தம், முன்அனுபவம் இல்லாத புத்தம்புதிய நிறுவனம் ஒன்றுக்குப் போனது. ஒரு பாய்கூட வராமல் ஒப்பந்தம் ரத்தானது.

பாயைப் பற்றியே சொல்ல வேண்டும். நார் பின்னிய பிளாஸ்டிக். சுமார் 30 நாள் தாங்கும் தற்காலிகக் கூரை என்பதே அதன் வடிவமைப்பு. தீவில் அது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டுப்பட்டு முதலில் நீலம் வெளுக்கும், பிறகு மடிப்புகளில் மாவாக உதிரும், கடைசியில் ஆணித் துளையிலிருந்து கிழியும். அடியில் ஈரம் அடைபட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே வெக்கை தாங்காது.

போடும் முறையைப் பொறுத்தே ஆயுள். பாய் கூரைச்சரிவின் கீழ்விளிம்பில் தொடங்கி, முகட்டைத் தாண்டி மறுபக்கம் குறைந்தது நாலு அடியாவது இறங்க வேண்டும். முகட்டோடு நிறுத்தினால் காற்று அந்த விளிம்பில் விரலை நுழைத்துத் தூக்கிவிடும். பாய்மேல் நேராக ஆணி அடிப்பதுதான் பெரும்பாலோர் செய்த தவறு. விளிம்பை ஒரு ரீப்பர் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டையையும் சேர்த்துக் கைமரத்தில் திருகாணியால் முடுக்க வேண்டும். நடுவிலும் இடைவெளி விட்டு ரீப்பர் ஓட வேண்டும். இல்லையென்றால் பாய் பட்டம்போல் படபடத்து, அந்த அடியிலேயே நைந்துபோகும். தகர ஷீட் முழுக்கப் பறந்து கைமரம் மட்டும் மிஞ்சிய வீட்டில், முதலில் பிளைவுட் பரப்பாமல் பாய் போட்டால் முதல் மழையிலேயே நடுவில் குளம் கட்டும். அந்த எடையில் ரீப்பரோடு எல்லாம் கீழே வரும். கீழே காங்கிரீட், மேல்மாடி மட்டும் மரமும் தகரமும் என்று கட்டிய வீடுகளில் மாடித்தளமே கீழ்வீட்டுக்குக் கூரையாக மிஞ்சியது. அங்கே ஆணி அடிக்க இடமில்லை. விளிம்பு வெடிப்புகளை அடைப்பதுதான் வேலை, பாய் வீண்.

பொருளாகப் பார்த்தால் நீலப் பாய்க்கு மூன்று. சேவையாக ஒன்றரை.

ஃபெமா என்னும் கூட்டாட்சிப் பேரிடர் முகமையின் உதவித்தொகை அடுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை. அந்த ஆண்டு ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பு 33,300 டாலர். தொலைபேசியிலோ இணையத்திலோ பதிய வேண்டும், இரண்டுமே செத்துக்கிடந்தன. ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். வீடு உங்களுடையது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். தீவில் தாத்தா நிலத்தில் அப்பா கட்டி, அதன்மேல் பிள்ளை மாடி எடுத்த வீடுகள் ஏராளம். பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது யார் பெயரிலும் இருக்காது. பல்லாயிரம் விண்ணப்பங்கள் இந்த ஒரே காரணத்துக்காகத் திரும்பின.

இங்கேதான் சமூகம் செய்த வேலை தெரிகிறது. புவேர்ட்டோ ரிக்கோ சட்டப்படி வீட்டுக்கு உரிமையாளராக இருக்கப் பதிவுப் பத்திரம் கட்டாயமில்லை. அயுதா லீகல் என்ற சட்ட உதவி அமைப்பும் அதன் கூட்டாளிகளும் இதைச் சுட்டிக்காட்டி, "இந்த வீட்டில் இத்தனை வருடமாக இன்ன உரிமையில் வசிக்கிறேன்" என்று சொல்லும் ஓர் உறுதிமொழிப் படிவத்தை எழுதி ஃபெமாவிடம் வாதாடினார்கள். 2018 ஆகஸ்டில், புயல் போய் ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு, ஃபெமா அதை ஏற்றது. ஏற்றதை ஊரறியச் சொல்ல மட்டும் மனம் வரவில்லை. படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும்தான். 2021 செப்டம்பரில் ஃபெமா நாடு முழுவதற்குமே ஆதார விதிகளைத் தளர்த்தியது.

மறுப்புக் கடிதம் வந்தவர்கள் கோட்டை விட்ட இடம் ஒன்று உண்டு. 'தகுதியில்லை' என்ற வரி முடிவான தீர்ப்பு அல்ல. பல நேரம் "ஒரு தாள் குறைகிறது" என்பதே அதன் பொருள். கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுத்த காரணத்தை அப்படியே குறிப்பிட்டு, அதற்கான ஒரே ஒரு ஆதாரத்தை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுதி அனுப்ப வேண்டும். எண் எழுதாத தாள் எந்தக் கோப்பில் சேரும் என்று யாருக்கும் தெரியாது. மதிப்பெண் இரண்டு, அதில் ஒன்று அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்கு.

சாப்பாடும் தண்ணீரும். மரியாவுக்கு இரண்டு வாரம் முன்புதான் இர்மா வந்து போயிருந்தது. ஃபெமாவின் கரீபியக் கிடங்குச் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் அதற்கே, பெரும்பாலும் பக்கத்து விர்ஜின் தீவுகளுக்கு, போய்விட்டது. 3 கோடி சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு 15.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள், வந்தது 50,000. சூடாக்கும் பை உணவோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, வந்ததோ தனித்தனியாக. இந்தப் பக்கம், சமையற்கலைஞர் ஹோசே அந்த்ரேஸின் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் உள்ளூர்ச் சமையல்காரர்களையும் உள்ளூர் அடுப்புகளையும் வைத்தே 30 லட்சம் சாப்பாட்டுக்கு மேல் போட்டது. காகுவாஸில் தொடங்கிய சமூகச் சமையலறை பல ஊர்களில் 'பரஸ்பர உதவி மையங்களாக' முளைத்தது. யார் ஜெயித்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

தண்ணீர் வராததற்குக் காரணம் குழாய் உடைந்தது மட்டுமல்ல, மோட்டாருக்கு மின்சாரம் இல்லாததும்தான். கேன் தண்ணீர் எட்டாத இடங்களில் ஓடையில் பிடித்தார்கள்; எலிக்காய்ச்சல் பரவியது. வடிகட்டி வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது: நுண்குழல் வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், கரைந்த ரசாயனத்தைப் பிடிக்காது. கலங்கல் தண்ணீரை நேராக ஊற்றினால் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். முதலில் துணியில் வடித்து, தெளியவிட்டு, பிறகு வடிகட்டி, தினமும் எதிர்த்திசையில் சுத்தமான தண்ணீரை அழுத்திக் கழுவ வேண்டும். வடிகட்டி இல்லையென்றால் வாசனை சேர்க்காத 6 சதவீத பிளீச், தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 துளி, கலக்கி 30 நிமிடம் விட வேண்டும். டொராடோவில், தொழிற்சாலைக் கரைப்பான்களால் மாசுபட்டதென்று கூட்டாட்சிப் பட்டியலில் இருந்த நிலத்தடி நீர்ப்பகுதிக் கிணற்றிலேயே மக்கள் தண்ணீர் பிடித்தார்கள். பிறகு செய்த சோதனை வரம்புக்குள் என்று வந்தது. பிளீச்சும் வடிகட்டியும் அந்த விஷயத்தில் எதுவும் செய்திருக்காது.

மின்சாரம்தான் இந்த மதிப்புரையின் வயிறு. மின்வாரியம் புயலுக்கு முன்பே சுமார் 900 கோடி டாலர் கடனில் திவாலாகியிருந்தது. உற்பத்தி பெரும்பாலும் தெற்குக் கரையில். தேவை வடக்கே சான் ஹுவானில். நடுவில் மலைத்தொடர், அதன்மேல் மரம் மூடிய பாதையில் உயரழுத்தக் கம்பிகள். அந்தக் கம்பி விழுந்தால் தெற்கே நிலையம் முழுசாக நின்றாலும் வடக்கே விளக்கு எரியாது. கிளைக்கம்பிகளில் பல 38 கிலோவோல்ட். அமெரிக்கப் பெருநிலத்தில் அவ்வளவாகப் புழங்காத அளவு. பக்கத்து மாநிலக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிட முடியாது.

பிற மாநில மின்வாரியங்களை உடனடியாக உதவிக்கு அழைப்பது வழக்கம். அதைச் செய்யாமல், புயலடித்தபோது இரண்டே முழுநேர ஊழியர்கள் வைத்திருந்த, மோன்டானா மாநில நிறுவனம் ஒன்றுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் போனது. அக்டோபர் கடைசியில் ரத்தானது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பியபோது 2018 ஆகஸ்ட். பதினோரு மாதம். ஐந்துக்கு ஒன்று, அதுவும் கம்பத்தில் ஏறிய லைன்மேன்களுக்காக.

பதினோரு மாதம் என்பது சும்மா இருட்டு அல்ல. அரசு வைத்திருந்த சாவுக் கணக்கு 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, 2018 ஆகஸ்டில் அது 2,975 ஆனது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே விடுபட்டவர்கள் பெரும்பாலும் காற்றில் அடிபட்டவர்கள் அல்ல. ஆக்சிஜன் கருவி நின்றவர்கள், டயாலிசிஸ் தவறியவர்கள், இன்சுலின் கெட்டுப்போனவர்கள். மருத்துவர்கள் இறப்புச் சான்றில் 'மாரடைப்பு' என்று எழுதி முடித்தார்கள். அதற்கு முந்தைய கண்ணியாகப் புயலையும் மின்வெட்டையும் எழுத வேண்டுமென்று அவர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. எழுதாதது எண்ணிக்கையில் வராது. எண்ணிக்கை குறைந்தால் அவசரமும் குறையும்.

இப்போது மலைமேல் அட்ஹுன்டாஸ். அங்கே காசா புவெப்லோ என்ற இளஞ்சிவப்பு வீடு. 1980-இல் சுரங்கத் திட்டத்தை எதிர்த்துத் தொடங்கிய மக்கள் அமைப்பு. காப்பித்தூள் விற்றுத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. 1999-லிருந்தே கூரையில் சூரியப் பேனல். மரியாவுக்கு மறுநாள் ஊர் முழுக்க இருட்டாக இருந்தபோது இந்த வீட்டில் விளக்கு எரிந்தது. கைபேசிக்குச் சார்ஜ், மூச்சுக்கருவிக்கு மின்சாரம் என்று மக்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கில் சூரிய விளக்கு கொடுத்தார்கள்; மருந்து வைக்கச் சிறிய குளிர்பெட்டிகள் போயின. பிறகு முடிதிருத்தகம், கடைகள் என்று பேனல் பரவியது. 2022 செப்டம்பர் 18 அன்று ஃபியோனா வந்தது. முதல் வகைப் புயல்தான், ஆனாலும் தீவு முழுக்க மறுபடி இருட்டு. இந்த வீட்டில் அப்போதும் விளக்கு எரிந்தது.

இதைப் பார்த்து வீட்டில் பேனல் வாங்குபவர்களுக்கு முதல் எச்சரிக்கை: பேட்டரி இல்லாமல் ஊர் மின்கம்பியோடு இணைத்த பேனல், கம்பியில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். பழுது அல்ல, லைன்மேன் உயிர் காக்கும் ஏற்பாடு. வெயில் சுட்டெரிக்கும்போதே வீடு இருட்டாகக் கிடக்கும். கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு தனியாக ஓடக்கூடிய இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்தால்தான் புயலுக்கு உதவும்.

கணக்கு இப்படி. சின்னக் குளிர்பெட்டிக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட். ஐந்து எல்.இ.டி. விளக்கும் கைபேசிகளும் கால் யூனிட். ஒரு விசிறி இரவு முழுக்க அரை யூனிட். ஆகக் கூடி இரண்டேகால். வெப்ப மண்டலத்தில் 400 வாட் பேனல் ஒன்று இழப்புகள் போக நாளுக்குச் சுமார் 1.4 யூனிட் தரும். இரண்டு பேனல் போதும். பேட்டரிதான் ஏமாற்றும். புயலுக்குப் பிந்தைய இரண்டு நாள் மேகம் மூடியிருக்கும். அதைத் தாண்ட நாலரை யூனிட் கையிருப்பு வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் எழுதியிருப்பது 1.8 யூனிட். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே கைக்கு வருவது 0.9. ஐந்து பேட்டரி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் ஐந்து யூனிட் பெட்டி ஒன்றே போதும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவி 350 வாட் இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 8.4 யூனிட். அதற்கு மட்டும் ஆறு பேனல். அப்படிப்பட்ட வீட்டுக்கு 'அவசர விளக்குப் பெட்டி' விற்பவர் பாவம் செய்கிறார். மாற்றாக ஜெனரேட்டர் வைத்தால் வீட்டுச் சன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி வைக்க வேண்டும். வராந்தாவில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

பேனல் பறந்ததும் நடந்தது. உமாகாவோவில் பெரிய சூரியப் பண்ணை ஒன்று நொறுங்கியது. வேறு சில இடங்களில் அதே காற்றில் பேனல்கள் அசையவில்லை. வித்தியாசம் முடுக்கிய விதத்தில். இரண்டு பேனலுக்கு நடுவே ஒரே கிளாம்ப் போட்டிருந்தால், ஒரு பேனல் கழன்றதும் அடுத்ததன் பிடியும் தளரும். சீட்டுக்கட்டுபோல் வரிசையே போகும். சட்டத்தில் துளை வழியாக நேராகப் போல்ட் போட்டவை நின்றன. மணிக்கணக்கில் அதிரும் காற்றில் சாதா நட் தானாகக் கழன்றுகொள்ளும். பூட்டு நட் வேண்டும். மேலே எவ்வளவு நல்ல பேனலாக இருந்தாலும் கைமரம் சுவரோடு உலோகப் பட்டையால் கட்டப்படாவிட்டால் பேனலும் கூரையும் ஒன்றாகவே பறக்கும்.

2023 மார்ச்சில் அட்ஹுன்டாஸ் சதுக்கத்தில் ஊர்க் குறுமின்வலை தொடங்கியது. ஏழு கட்டடங்களின் மேல் சுமார் 700 பேனல், ஒரு மெகாவாட்-மணி அளவில் பேட்டரி, பதினான்கு கடைகள். வெளிக்கம்பி செத்தாலும் பத்து நாள் வரை ஓட்டலாம் என்பது திட்டம். கடைக்காரர்கள் சேர்ந்த சங்கமே நடத்துகிறது. குறையும் சொல்ல வேண்டும். இது கடைவீதிக்குத்தான், மலைச்சரிவு வீடுகளுக்குக் கம்பி போகவில்லை. மருந்துக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் மக்கள் இறங்கி வர வேண்டும், அதற்குப் பாதை திறந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பலகை போனால் உதிரி கப்பலில்தான் வர வேண்டும். நாலு மதிப்பெண்.

அரசுப் பக்கம், 2019-இல் இயற்றிய சட்டம் 2050-க்குள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றும், 2025-க்குள் 40 சதவீதம் என்றும் சொன்னது. 2025 வந்தபோது அந்த 40 சதவீதம் அருகில்கூட இல்லை. இடைக்கால இலக்குகளையே எடுத்துவிட்டார்கள். 2024 டிசம்பர் 31 அன்றும் 2025 ஏப்ரல் 16 அன்றும் புயலே இல்லாமல் தீவு இருண்டது.

பேனல் வைத்திருப்பவர்களுக்கு வேலை ஜூன் 1-க்கு முன்பு, சூறாவளிப் பருவம் தொடங்குமுன். ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு ஏறிப் பார்க்கும்போது கோடு உடைந்து இரண்டாகத் தெரிகிற இடத்தில் நட் நகர்ந்திருக்கிறது. அதை மட்டும் முடுக்கினால் போதும். பிரதான பிரேக்கரை அணைத்துவிட்டு, குளிர்பெட்டியும் விளக்கும் ஓர் இரவு முழுக்கப் பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள். விடியுமுன் நின்றுபோனால், பேட்டரி மாற்ற, பருவம் முடியும் நவம்பர் 30 வரை காத்திருக்க முடியாது.